அப்பன் தறிக்குழி மகனுக்கா?

வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தோம். எட்டாம் வகுப்பு. ஒரு பெயருக்கு மட்டும் பதில் இல்லை. நான்காவது நாளாக இல்லை. அவன் வீட்டருகே குடியிருக்கும் மாணவனைப் பார்த்து, "எங்கேயப்பா அவன்?" என்று கேட்டோம். "தறியிலே சார்" என்றான். வகுப்பு சிரிக்கவில்லை, வியக்கவும் இல்லை. காய்ச்சலிலே படுத்திருக்கிறான் என்று சொல்வது போல, ஊருக்குப் போயிருக்கிறான் என்று சொல்வது போல, வெகு சாதாரணமாக வந்தது அந்த விடை.

மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றோம். பிள்ளையார்பாளையத்துச் சந்து ஒன்று. முன்கட்டு முழுவதையும் தறி அடைத்துக்கொண்டிருக்க, மிச்சமிருந்த இடத்திலே குடும்பம் இருந்தது. குழியிலே கால்களை இறக்கித் தகப்பனார் அமர்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்திலே, பாவின் ஓரத்திலே, நம் மாணவன். கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு வண்ணம், கரைக்கு வேறு வண்ணம். இரண்டும் இழையோடு இழை கோத்து நிற்க வேண்டும். ஒரு நாடா போதாது. மூன்று நாடா ஓட வேண்டும். மூன்றையும் தள்ள இரண்டு கை போதாது. பக்கத்திலே ஒருவர் உட்கார வேண்டும். அந்தப் 'பக்கத்து ஆள்'தான் நமது எட்டாம் வகுப்பு மாணவன்.

"ஐயா, பையன் நாலு நாளாப் பள்ளிக்கு வரவில்லையே" என்றோம்.

"தெரியும் சார். ஆவணி முகூர்த்தச் சேலை. நாள் குறிச்சு வாங்கியிருக்கேன். பெரியவன் ஒரகடத்துக் கம்பெனிக்குப் போயிட்டான். கூலிக்குப் பக்கத்து ஆள் வெச்சா, எனக்கு வர்ற கூலியிலே பாதி அவனுக்கே போயிடும். இந்தச் சேலையை இறக்கிட்டு அனுப்பிடறேன் சார்."

"தறி வேலையிலே இவனை இருத்துவதாகவா எண்ணம்?"

அவர் பதறிவிட்டார். "ஐயையோ, வேணாம் சார். இவனைப் படிக்க வைக்கத்தானே நான் இந்தக் குழியிலே உட்கார்ந்திருக்கேன்! எங்கப்பா எனக்குக் கொடுத்தார், நான் இவனுக்குக் கொடுக்கணும்னு வர்றவங்க போறவங்க எல்லாம் பெருமையாப் பேசறாங்க. பேசிட்டுச் சேலையை எடுத்துக்கிட்டுப் போறாங்க. அவங்க பிள்ளையை ஒரு நாள் இங்கே உட்கார வைப்பாங்களா?"

தோழர்களே! படித்தவர் பலர் கேட்கத் தயங்கும் கேள்வி இது. குழியிலே இருக்கும் தகப்பன், பிள்ளையைக் குழியிலிருந்து ஏற்றிவிட ஏங்குகிறான். கரையிலே நிற்கும் கனவான், "இறங்காதே போனால் கலை அழிந்துவிடுமே!" என்று கண்ணீர் வடிக்கிறான். கண்ணீர் வடிப்பவன் கையிலே அதிகாரமும் சேர்ந்துவிட்டால், அந்தக் கண்ணீர் திட்டமாகிறது. திட்டத்துக்கு ஒரு பெயர் சூட்டப்படுகிறது. பெயருக்கு ஒரு புராணப் பூச்சும் கிடைக்கிறது. அந்தப் பூச்சைச் சுரண்டிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் பழைய கதை. இளைஞர்களுக்கு அது வரலாறு; நம் வீட்டு முதியவர்களுக்கோ அது தழும்பு.

1952இலே சென்னை மாகாண முதலமைச்சரான ஆச்சாரியார், 1953-54ஆம் கல்வியாண்டிலே சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஐந்து மணி நேரப் பள்ளி மூன்று மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. மிச்சப் பொழுதிலே பிள்ளைகள் தத்தம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்றார்கள். காரணமும் சொன்னார்கள்: கட்டடம் போதாது, ஆசிரியர் போதாது, பணம் போதாது, இரண்டு வேளையாகப் பிரித்தால் இரு மடங்குப் பிள்ளைகள் படிக்கலாம். கணக்கு அழகான கணக்குதான். ஆனால் ஒரு கேள்விக்கு அந்தக் கணக்கிலே விடை இல்லை. பணமில்லாத காரணத்தால் நேரம் குறைகிறதென்றால், மிச்ச நேரத்தை விளையாட்டுக்கு விட்டிருக்கலாம். தோட்டம் போட விட்டிருக்கலாம். சும்மா இருக்கவே விட்டிருக்கலாம். அப்பன் தொழிலுக்கு ஏன் அனுப்ப வேண்டும்? சவரத் தொழிலாளியின் மகன் கத்திக்கும், சலவைத் தொழிலாளியின் மகன் துறைக்கும், குயவர் மகன் சக்கரத்துக்கும் ஏன் திரும்ப வேண்டும்? கணக்கிலே விடை கிடைக்காததால்தான் தமிழகம் மனுவின் ஏட்டிலே விடை தேடிற்று, கண்டுகொண்டது, 'குலக்கல்வி' என்று பெயரிட்டது.

திட்டம் வகுத்தவரின் தந்தையார் தொரப்பள்ளியிலே ஊர் முன்சீப். மகன் அந்த வேலையிலே அமரவில்லை. சட்டம் பயின்றார், வழக்குரைஞரானார், நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். வாழ்க! அப்பன் நாற்காலியைத் தாண்டிச் செல்ல அவருக்கிருந்த உரிமையை நாம் குறை கூறவில்லை. அதே உரிமையைக் குயவன் மகனுக்கும் கேட்டோம், அவ்வளவுதான்.

பெரியார் முழங்கினார். அண்ணாவின் இயக்கம் 1953 சூலையிலே நடத்திய மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனை இந்தக் கல்வித் திட்டத்தின் மீதே பாய்ந்தது. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பிற்று. 1954 மார்ச்சிலே ஆச்சாரியார் விலகினார். ஏப்ரலிலே காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு நடந்ததைப் பாருங்கள். அதே மாகாணம், அதே கஜானா, அதே வறுமை. 'பணமில்லை, பாதி நாள் போதும்' என்ற இடத்திலே, 'பசியோடு படிக்க முடியாது, சோறு போடுவோம்' என்று 1956இலே மதிய உணவு வந்தது. குறைந்தது பணமல்ல, மனமே என்பது இரண்டே ஆண்டுகளில் விளங்கிவிட்டது.

இந்தக் காஞ்சிக்கு அந்த வரலாற்றிலே தனிப் பங்கு உண்டு. 1925 நவம்பரிலே இவ்வூரிலே கூடிய காங்கிரசு மாநாட்டில்தான், வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் ஏற்கப்படாதது கண்டு பெரியார் வெளியேறினார். இவ்வூர் நெசவாளர் குடும்பத்திலே 1909இலே பிறந்த ஒரு பிள்ளையைத் தொத்தா ஒருவர் வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளை பச்சையப்பன் கல்லூரிக்குப் போயிற்று; பேச்சால் நாட்டை எழுப்பிற்று; 1967இலே கோட்டையிலே அமர்ந்தது. 'பரம்பரைத் தொழில் பாழாகிறதே' என்று அந்தத் தொத்தாவின் காதிலே யாராவது ஓதி, அவரும் நம்பியிருந்தால்? காஞ்சிக்கு இன்னும் ஒரு தறியாள் கிடைத்திருப்பார். தமிழ்நாட்டுக்கு அண்ணா கிடைத்திருக்க மாட்டார்.

சரி, பழைய பாம்பு செத்துவிட்டது, ஏன் இன்னும் தடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள் என்பர் சிலர். செத்த பாம்பு சட்டை உரிக்குமா? உரித்த சட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டுகிறோம்.

முதற் சட்டை, 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வேலைக்கு வைக்கலாகாது என்று அது முழங்கிற்று, வரவேற்றோம். அடுத்த வரியிலே ஒரு கதவைத் திறந்து வைத்தது: பள்ளி நேரம் போக, விடுமுறை நாட்களிலே, ஆபத்தானது என்று பட்டியலிடப்படாத குடும்பத் தொழிலிலே பிள்ளை 'உதவி' செய்யலாம். வீட்டுப் பட்டறைக்கு விலக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்ததே என்று வாதிடுவார்கள். இருந்தது. முப்பது ஆண்டு கழித்து அந்த ஓட்டையை அடைக்க வாய்ப்பு வந்தபோது, அதற்குச் சட்டம் போட்டு நிலை வைத்தது ஏன் என்பதே நம் கேள்வி. எந்தத் தொழில் எந்தப் பட்டியலிலே இருக்கிறதென்பதை அதிகாரி அறிவார். முன்கட்டுக்குள் மாலை ஆறு மணிக்கு நடப்பதை எந்த அதிகாரி வந்து பார்ப்பார்? உதவி எங்கே முடிகிறது, உழைப்பு எங்கே தொடங்குகிறது என்று எந்த முழக்கோலால் அளப்பார்? நம் மாணவனும் முதலிலே மாலையிலே 'உதவி'தான் செய்துகொண்டிருந்தான். முகூர்த்தம் நெருங்கியதும் மாலை காலையைத் தின்றுவிட்டது.

இரண்டாம் சட்டை, 2020 சூலையிலே வந்த தேசியக் கல்விக் கொள்கை. ஆறாம் வகுப்பு முதல் தொழிற்கல்வி; ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளிலே பத்து நாள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தச்சரிடமும் தோட்டக்காரரிடமும் குயவரிடமும் பழகுதல். நேர்மையாகவே சொல்வோம்: தச்சு வேலையைக் கற்பது இழிவல்ல. வக்கீல் வீட்டுப் பிள்ளை பத்து நாள் குயவர் சக்கரத்தருகே மண்ணைப் பிசைந்தால் அவனுக்கு நல்லது, நாட்டுக்கும் நல்லது. அப்படி நடக்குமானால் நாமே பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். ஆனால் ஒரே பத்து நாள் இரு வீட்டிலே இரு பொருள் தரும். வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு அது சுற்றுலா. முடிந்ததும் பயிற்சி மையத்துக்குத் திரும்புவான். தறி வீட்டுப் பிள்ளைக்கு அது ஒத்திகை. 'பள்ளிக்கூடமே தொழில் பழகச் சொல்கிறதே' என்ற சொல் அந்தச் சந்திலே நுழைந்தால், பத்து நாள் இருபது நாளாகும். இருபது நாள் பருவமாகும்.

மூன்றாம் சட்டை, தேர்வு. அதே கொள்கை மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளிலே தேர்வு என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே, 2024 திசம்பரிலே மத்திய அரசு விதியை மாற்றி, ஐந்திலும் எட்டிலும் தவறிய பிள்ளையை அதே வகுப்பிலே நிறுத்தலாம் என்றது. மறுதேர்வு உண்டு, கவனிப்பு உண்டு என்று ஆறுதலும் கூறிற்று. பத்து வயதுப் பிள்ளை தோற்றால் என்ன ஆகும்? பங்களாவிலே தனிப்பாட ஆசிரியர் வருவார். பிள்ளையார்பாளையத்திலே? 'உனக்குப் படிப்பு வரலை, வா, நாடாவைப் பிடி' என்ற சொல் வரும். ஆச்சாரியாராவது பாதி நாளைப் பள்ளிக்கு விட்டார். தோல்வி என்ற முத்திரையோ முழு நாளையும் பறித்துத் தறியிடம் கொடுத்துவிடும். வெட்கம் என்ற காவலாளியையும் கூடவே நிறுத்திவிடும். இதிலே நம் மாநிலத்தையும் விட்டுவிடுவதற்கில்லை. 2019 செப்டம்பரிலே இங்கிருந்த அரசே ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று ஆணையிட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகு 2020 பிப்ரவரியிலே திரும்பப் பெற்றது. ஆபத்து எப்போதும் தில்லியிலிருந்துதான் வரும் என்று எண்ணுவோர் அந்த ஐந்து மாதங்களை மறவாதிருக்கட்டும்.

நான்காம் சட்டைதான் பளபளப்பானது. சரிகைக் கரை போட்டது. பி.எம். விசுவகர்மா திட்டம். 2023 செப்டம்பர் 17ஆம் நாள் தொடங்கிற்று. பெரியார் பிறந்த நாளிலேதானா இது வந்து பிறக்க வேண்டும்! 13,000 கோடி ரூபாய். பதினெட்டுத் தொழில்கள்: தச்சர், கொல்லர், பொற்கொல்லர், குயவர், சிற்பி, செருப்புத் தைப்போர், முடிதிருத்துவோர், மாலை கட்டுவோர், துணி வெளுப்போர், தையற்காரர் என்று நீள்கிறது பட்டியல். முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம் கடன், 5 விழுக்காடு வட்டியில்; கருவி வாங்க 15,000 ரூபாய்; பயிற்சி நாளொன்றுக்கு 500 ரூபாய். தருவது நல்லதே, உழைப்பாளிக்குப் போவதை நாம் ஏன் வெறுக்க வேண்டும்? ஆனால் திட்டத்தின் நோக்கம் என்னவென்று அரசே அறிவித்தது: குரு-சிஷ்ய பரம்பரையை, குடும்ப வழித் தொழிற்பயிற்சியை வலுப்படுத்தி வளர்ப்பது! சேரத் தகுதி: குடும்ப வழிப்பட்ட மரபுத் தொழிலிலே இருக்க வேண்டும். குறைந்த வயது: பதினெட்டு!

'சாதி என்ற சொல் திட்டத்திலே எங்கே இருக்கிறது?' என்று கேட்பார்கள். இல்லை. ஒப்புக்கொள்கிறோம். ஆச்சாரியார் திட்டத்திலும் அந்தச் சொல் இல்லை. மண்பானையின் மீது 'மண்' என்று எழுதியிருக்க வேண்டுமா? குடும்பத்தின் வழியே தொழில் என்பதும், தொழிலின் வழியே சாதி என்பதும் இந்த நாட்டிலே இரண்டு தனித்தனி வாக்கியங்களா? முடிதிருத்தும் கடையிலே 'குடும்ப வழி' வந்தவர் யாரென்று கேட்டால், அதற்கு விடை தொழிலின் பெயராக மட்டுமா வரும்?

'பதினெட்டு வயது, குழந்தையல்லவே' என்பது அடுத்த வாதம். இங்கேதான் தோழர்களே, ஊன்றிப் பார்க்க வேண்டும். பதினெட்டு எந்த வயது? பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளை கல்லூரி வாயிலிலே கால் வைக்கும் வயது. வீட்டிலே முதன்முதலாக ஒருவன் பட்டம் பெறப்போகிறான் என்று தாய் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வரும் வயது. அந்த வாயிலிலே இரண்டு கைகள் நீள்கின்றன. ஒரு கை, அரசுப் பள்ளியிலே படித்த பெண்ணுக்கு 2022இலும், ஆணுக்கு 2024இலும் தமிழக அரசு தொடங்கிய புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் கை. 'கல்லூரிக்குப் போ, மாதம் ஆயிரம் தருகிறேன்' என்கிறது. மற்றொரு கை, 'அப்பன் பட்டறைக்குப் போ, பயிற்சிக்கு நாளொன்றுக்கு ஐந்நூறு, பிறகு லட்ச ரூபாய் கடன்' என்கிறது. வாசலிலே வட்டிக்காரன் நிற்கும் வீட்டிலே எந்தக் கை பெரிதாகத் தெரியும்? பட்டினியின் முன்னே இரண்டையும் வைத்துவிட்டு, 'அவனே விரும்பித் தேர்ந்தெடுத்தான்' என்று சொல்வது சுதந்திரமா, சூதா?

இதையேதான் தமிழக அரசு 2024 சனவரியிலே பிரதமருக்கு எழுதிற்று: குடும்ப வழி என்ற நிபந்தனையை எடுங்கள், குறைந்த வயதை முப்பத்தைந்தாக்குங்கள் என்று. முப்பத்தைந்து ஏன்? அந்த வயதிலே ஒருவர் தாமே தெரிந்தெடுத்த தொழிலிலே நிலைத்திருப்பார். அவருக்கு உதவுவது உழைப்புக்கு உதவுவது. பதினெட்டிலே இழுப்பது பிள்ளை பிடிப்பது. அந்தத் திருத்தம் ஏற்கப்படாத நிலையிலே, 2024 நவம்பரிலே 'இப்போதுள்ள வடிவிலே இங்கே நடத்த மாட்டோம்' என்றது மாநிலம். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையின்றி, முப்பத்தைந்து வயது நிறைந்தவருக்கென, இருபத்தைந்து தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டத்தை வகுத்தது. 2025 ஏப்ரலிலே அது தொடங்கப்பட்டது நமது காஞ்சி மாவட்டத்துக் குன்றத்தூரிலேதான். உதவி வேறு, விலங்கு வேறு; விலங்கில்லாமலும் உதவ முடியும் என்பதற்கு அது சான்று.

'விசுவகர்மாவின் பதினெட்டிலே பட்டு நெசவு இல்லையே, காஞ்சிக்கு என்ன கவலை?' என்று நம்மூர்ப் பெரியவர் ஒருவர் கேட்டார். நம் வகுப்பிலே நெசவாளர் பிள்ளை மட்டுமா அமர்ந்திருக்கிறான்? அவனுக்கு வலப்புறம் பொற்கொல்லர் மகன், இடப்புறம் சலவைத் தொழிலாளியின் மகள். ஒரு பெஞ்சிலே அமர்ந்த மூவரில் இருவரைப் பெயர் சொல்லி அழைத்துவிட்டார்கள். மூன்றாமவன் தன் பெயர் வரும் வரை காத்திருக்க வேண்டுமா?

இனி, உள்ளபடியே கலை மீது அன்புகொண்டு கேட்போருக்கு ஒரு சொல். 'பிள்ளைகள் கற்காவிட்டால் காஞ்சிப் பட்டு அழிந்துவிடாதா?' என்கிறார்கள். நம்மைப் போலவே அந்தச் சேலையின் அழகை அறிந்தவர்கள். ஆகவே ஏளனமின்றி விடை சொல்வோம். காஞ்சிப் பட்டைக் கொல்வது பள்ளிக்கூடமா? விசைத்தறியிலே ஓட்டிய சேலையை 'அசல் கைத்தறி' என்று விற்கும் வாணிகம் அல்லவா கொல்கிறது! சேலை முதலிய வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சட்டமும் குறியீடும் இருக்க, கடைவீதியிலே போலி கொடி கட்டிப் பறக்கிறது. கோர்வைக்கு இருவர் உழைக்க, ஒருவர் கூலி தருவது எந்த நியாயம்? சேலை விலை ஏறும்போது, கோராவும் சரிகையும் விலை ஏறும்போது, நெய்தவன் கூலி மட்டும் ஏன் நொண்டுகிறது? கூலி உயர்ந்தால் பக்கத்து ஆளைக் கூலிக்கு வைக்கலாம், பிள்ளை பள்ளியிலே இருப்பான், கலையும் இருக்கும். கூலியை உயர்த்த மனமில்லாதவர்தான், கூலி கேட்காத கையைத் தேடுகிறார். கூலி கேட்காத கை எது? பெற்ற பிள்ளையின் கை. 'பரம்பரை' என்ற பட்டுத்துணியை நீக்கிப் பாருங்கள். உள்ளே இருப்பது இந்தக் கணக்குதான்.

கலையைக் காக்க வேண்டுமா? கதவைத் திறந்துவிடுங்கள். நெசவுத் தொழில்நுட்பத்துக்குச் சேலத்திலே மத்திய அரசின் கல்வி நிறுவனமே இருக்கிறது. யார் மகனும் யார் மகளும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, விரும்பி வந்து, ஊதியத்தோடு கற்று, சான்றிதழோடு தறியிலே அமரட்டும். சன்னதித் தெருப் பிள்ளையும் சாயத்தொட்டியிலே கை நனைக்கட்டும். அப்போது அது கலை. பிறப்பால் ஒருவன் தலையிலே மட்டும் ஏற்றினால் அது சுமை.

சன்னதித் தெரு என்றதும் நினைவு வருகிறது. இது கோயில் நகரம். பரம்பரைப் பெருமைக்கு இன்னொரு முகமும் இங்கே உண்டு. அருச்சகர் பதவியிலே பரம்பரை உரிமையை நீக்கி 1970இலே தமிழகச் சட்டமன்றம் சட்டம் செய்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1972இலே அம்மன்றம் பரம்பரை உரிமை நீக்கத்தை ஏற்றது. ஆகமம் என்ற தாழ்ப்பாள் மட்டும் மிஞ்சிற்று. அனைத்துச் சாதியினரும் அருச்சகராகப் பயிற்சி பெற்று, 2021 ஆகஸ்டிலே பணியாணை பெறுவதற்குள் அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அதன் பின்னும் வழக்குகள்! இதிலே உள்ள வேடிக்கையைக் கவனியுங்கள். கருவறைக்குள் நெசவாளர் மகன் நுழைய முயன்றால், 'இது பரம்பரை. நீ உள்ளே வராதே' என்கிறார்கள். தறிக்குழியிலிருந்து அவன் ஏற முயன்றால், 'இது பரம்பரை. நீ வெளியே போகாதே' என்கிறார்கள். ஒரே சொல், ஒரு கதவுக்கு வெளிப்பூட்டு, மற்றொரு கதவுக்கு உட்பூட்டு. சாவி யார் இடுப்பிலே தொங்குகிறதென்று இளைஞர்களே கண்டுகொள்வார்கள்.

பிறரைக் குறை கூறி நம்மை மறைத்துக்கொள்வது பகுத்தறிவாளர்க்கு அழகல்ல. மேடையிலே குலக்கல்வியைத் தாக்கிவிட்டு, வீட்டிலே சாதிச் சங்க நாட்காட்டியை மாட்டி வைத்திருப்போர் நம்மிலே உண்டு. இருமொழி என்று முழங்கிவிட்டு, தம் பிள்ளையை மத்தியப் பாடத்திட்டப் பள்ளியிலே சேர்ப்போரும் உண்டு. பட்டு வாணிகத்திலே பெருத்தோர் நன்கொடைச் சீட்டை நீட்டினால், நெசவுக் கூலியைப் பற்றிய தீர்மானம் தானாகவே மென்மையாகிவிடுவதும் உண்டு. எல்லாவற்றினும் வலிப்பது, நம் தொழிலைச் சேர்ந்தோர் நாவிலே வரும் ஒரு வாக்கியம். கணக்கிலே தடுமாறும் பிள்ளையைப் பார்த்து, "உனக்கெல்லாம் தறிதான்டா சரி" என்று சொல்கிறோமே, அந்த வாக்கியம்! அதைச் சொல்லாத ஆசிரியர் அறை எது? கோபத்திலே நாமும் ஒருமுறை சொல்லியிருக்கிறோம். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. தில்லி பல பக்கங்களிலே எழுதியதை நாம் மூன்று சொல்லிலே சொல்லிவிட்டோம். அதற்குத் திட்டம் வேண்டியதில்லை, நிதி வேண்டியதில்லை. ஒரு பிஞ்சு உள்ளம் போதும், அந்தச் சொல் அங்கே முளைத்துவிடும்.

ஆகவே நாம் கேட்பவை இவை. குடும்பத் தொழிலிலே பிள்ளைக்கு 'உதவி' என்ற விலக்குச் சட்டத்திலிருந்து நீங்க வேண்டும். ஐந்திலும் எட்டிலும் தோல்வி முத்திரை குத்தும் விதி தமிழ்நாட்டுப் பள்ளிக்குள் எந்த ஆட்சியிலும் நுழையக் கூடாது. தொழில் உதவித் திட்டம் எதுவாயினும், அதிலே 'குடும்பம்', 'பரம்பரை' என்ற தகுதி இருக்கக் கூடாது; வளர்ந்தவருக்கே அது போக வேண்டும். கோர்வைச் சேலைக்கு இருவர் கூலி என்ற கணக்கைக் கூட்டுறவுச் சங்கங்களும் வணிகரும் ஏற்கும்படி அரசு செய்ய வேண்டும். தறி வீட்டுப் பிள்ளை முகூர்த்த மாதத்திலே பள்ளிக்கு வராது போனால், அது வெறும் 'ஆப்சென்ட்' அல்ல, கூலிக் குறைவின் சாட்சியம் என்று கணக்கெடுக்கப்பட வேண்டும்.

அரசு கேட்கும் வரை நாம் கைகட்டி நிற்பதா? நெசவாளர் துயர் பெருகியபோது, 1953இலே நம் முன்னோடிகள் கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். நம்மால் தெருவுக்கு ஒரு மாலைப் பள்ளி நடத்த முடியாதா? இயக்கப் படிப்பகத்திலே நாளேடு புரட்டும் பட்டதாரித் தோழர்கள், வாரத்திலே மூன்று மாலை, ஆவணியிலும் தையிலும் விடுபட்ட பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியாதா? ஒவ்வொரு சந்திலும் எத்தனை பிள்ளை எத்தனை நாள் தறியிலே இருந்தது என்று எழுதி, பெற்றோரைக் காட்டிக்கொடுக்க அல்ல, கூலியைக் கேட்க, அந்த ஏட்டைச் சங்கத்தின் மேசையிலே வைக்க முடியாதா?

அந்த மாணவன் பதினோராம் நாள் வந்தான். கரை வண்ணம் விரலிலே ஒட்டியிருந்தது. பதினொரு நாளிலே இயற்கணிதத்தில் ஒரு பாடம் முழுவதும் கடந்துபோயிருந்தது. நோட்டைத் திறந்து, கரும்பலகையைப் பார்த்து, விளங்காமல் மறுபடியும் நோட்டைப் பார்த்தான். அவனை வகுப்பு முடிந்து இருக்கச் சொன்னோம். நான்கு மாலை ஆயிற்று, பிடித்துக்கொண்டான். மூன்று நாடாவைப் பிசகாமல் கோக்கத் தெரிந்த மூளைக்கு இரண்டு சமன்பாடா கடினம்?

அவன் தகப்பனார் அடுத்த பாவை ஏற்றிவிட்டார். தை முகூர்த்தம் வருகிறது. பக்கத்து இடம் காலியாக இருக்கிறது. அங்கே கூலி பெறும் ஓர் ஆள் அமர்வதா, நம் மாணவன் அமர்வதா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள் அந்தத் தகப்பனும் பிள்ளையும் மட்டும் அல்லர். தோழர்களே, தைக்கு இன்னும் நாள் இருக்கிறது, புறப்படுங்கள்!